எதிரொலியின் நேரம் எப்படி ஆழமாகிறது? வேக மாதிரி என்னும் கணக்கு

கடலுக்கடியில் எண்ணெய் தேடும் செய்திகளில் ஆழம் எப்போதும் கச்சிதமான எண்ணாகவே வரும். 'கடல் மட்டத்துக்குக் கீழே 2,900 மீட்டரில் மணற்பாறை' என்பார்கள். கிணறு தோண்டும்போது அதே பாறை 60 மீட்டர் மேலேயோ 90 மீட்டர் கீழேயோ தட்டுப்படும். உடனே கருவி சரியில்லை, ஆய்வே தப்பு என்று பேச்சு கிளம்பும். பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. அந்தக் கருவி ஆழத்தை அளக்கவே இல்லை, கீழே அனுப்பிய அதிர்வலை எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைத்தான் அளந்தது. நேரத்தை மீட்டராக்க வேண்டுமானால், இடையில் உள்ள ஒவ்வொரு பாறையிலும் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரிய வேண்டும். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், என்ன வேகம் என்று சொல்லும் தொகுப்புக்குப் பெயர்தான் வேக மாதிரி. அது பிசகினால் ஆழமும் பிசகும். பல சமயம் நிலத்தடி அமைப்பின் வடிவமே பிசகிவிடும்.

## அளவீட்டில் கிடைப்பது என்ன

கடல் ஆய்வில் கப்பல், அழுத்திய காற்றைச் சட்டென்று விடுவிக்கும் ஏர்கன்னை இழுத்துச் செல்கிறது. பின்னால் பல கிலோமீட்டர் நீளக் கேபிளில், நீருக்குள் வரும் அலையை உணரும் ஹைட்ரோபோன்கள் வரிசையாக வரும். நிலத்தில் என்றால் ஆழமில்லாத துளைக்குள் வைத்த சிறு வெடிமருந்தோ, தரையை அதிரவைக்கும் லாரியோ அலையை உண்டாக்க, நில அதிர்வை உணரும் ஜியோபோன்கள் பதிவு செய்யும். கீழே போகும் அலையில் ஒரு சிறு பகுதி, இரண்டு பாறை அடுக்குகள் சேரும் எல்லையில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆகும் நேரத்தை இருவழி நேரம் என்கிறோம்.

இப்படிக் கிடைத்த ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால், பூமியைக் கத்தியால் வெட்டிப் பார்த்தது போன்ற ஒரு படம் வரும். அங்கேதான் பார்ப்பவர்கள் ஏமாறுகிறார்கள். அந்தப் படத்தின் கிடை அச்சு கிலோமீட்டர். செங்குத்து அச்சு விநாடி.

இந்தச் சிக்கல் இந்தத் துறையோடு கூடவே பிறந்தது. 1921-ல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் ஜே. சி. கார்ச்சரும் அவருடைய சகாக்களும் எதிரொலி முறையைச் சோதித்தபோது, ஆர்பக்கிள் மலைப்பகுதியைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஷேல் (படலம் படலமான களிப்பாறை), சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் தரைக்கு மேலேயே தலைகாட்டும். அதனால் அலையின் வேகத்தை அந்தப் பாறையிலேயே அளந்துகொள்ள முடிந்தது. கடலுக்கடியில் அந்த வசதி கிடையாது.

## அடிப்படைக் கணக்கு

ஒரே ஒரு அடுக்கு என்றால் கணக்கு ஒரு வரிதான்: ஆழம் = வேகம் × இருவழி நேரம் ÷ 2. பல அடுக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். ஓர் உதாரணம்:

1. கடல் நீர்: இருவழி நேரம் 0.8 விநாடி, வேகம் விநாடிக்கு 1,500 மீட்டர். தடிமன் 600 மீட்டர்.
2. வண்டல்: அடுத்த 1.0 விநாடி, வேகம் 2,200. தடிமன் 1,100 மீட்டர்.
3. இறுகிய களிப்பாறையும் மணற்பாறையும்: அடுத்த 0.8 விநாடி, வேகம் 3,000. தடிமன் 1,200 மீட்டர்.

மொத்தம் 2.6 விநாடி, 2,900 மீட்டர். இதில் ஒவ்வோர் அடுக்குக்கும் உரியது அடுக்கு வேகம். மொத்த ஆழத்தை ஒருவழி நேரமான 1.3 விநாடியால் வகுத்தால் வரும் 2,231 சராசரி வேகம்.

மூன்றாவது அடுக்கின் வேகம் 3,000 அல்ல, 3,300 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவில் ஒரு மில்லிவிநாடிகூட மாறவில்லை. ஆனால் ஆழம் 3,020 மீட்டர் ஆகிவிடுகிறது. 120 மீட்டர் வித்தியாசமும் நம் அனுமானத்திலிருந்து வந்ததுதான்.

## பாறைக்குப் பாறை ஏன் வேகம் மாறுகிறது

கடல் நீரில் வேகம் 1,500-ஐ ஒட்டியே இருக்கும். நீர் ஊறிய இளம் வண்டலில் 1,600 முதல் 2,000. இறுகிய மணற்பாறை, ஷேல் 2,000-லிருந்து 4,000-க்கு மேலும் போகும். உப்பில் சுமார் 4,500. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட், கெட்டியான சுண்ணாம்புப் பாறை 5,000-ஐத் தாண்டும். தரையை ஒட்டிய உலர்ந்த, தளர்ந்த மண்ணில் 300, 400 என்று படுத்துவிடும். நில ஆய்வில் இந்த மேல்மண்ணுக்கென்றே தனித் திருத்தம் போடாமல் யாரும் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

ஆழம் கூடக்கூட மேலே உள்ள பாரம் அழுத்துகிறது, துளைகள் சுருங்குகின்றன, வேகம் ஏறுகிறது. இதை வைத்து ஒரு சுருக்கு வழி உண்டு: மேலே ஒரு தொடக்க வேகம், மீட்டருக்கு மீட்டர் இவ்வளவு ஏற்றம் என்று நேர்கோடாக எடுத்துக்கொள்வது. 1,800-ல் தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் வேகம் 0.6 கூடுகிறது என்றால், 2 விநாடி இருவழி நேரத்துக்கு ஆழம் சுமார் 2,466 மீட்டர். ஒரே சீராக இறுகிய வண்டல் படுகைகளில் இந்த வழி நன்றாகவே உதவும்.

ஆனால் ஒருமுறை இறுகிய பாறை மறுபடி தளராது. நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலில் ஒரு காலத்தில் ஆழத்தில் புதைந்திருந்த பாறைகள் பின்னாளில் மேலே எழுந்தன. மேலிருந்த அடுக்குகள் அரித்துப் போயின. இன்று அவை இருக்கும் ஆழத்துக்குப் பொருந்தாத அதிக வேகத்தோடு இருக்கின்றன. வேறு படுகையில் எடுத்த நேர்கோட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் எல்லா எல்லையும் மேலே ஏறிவிடும்.

## வேகம் எங்கிருந்து கிடைக்கிறது

முதல் ஆதாரம் அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே இடத்தில் பட்டுத் திரும்பும் அலை, அருகிலிருக்கும் ஹைட்ரோபோனை முதலிலும் தொலைவில் இருப்பதைப் பிறகும் அடையும். எவ்வளவு தாமதம் என்பது வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் தாமதம் கூடும், பதிவில் தெரியும் வளைவும் கூடும். அந்த வளைவை நேராக்கிப் பதிவுகளைக் கூட்டும்போது எந்த வேகத்தில் படம் நன்றாகத் தெளிகிறதோ, அதுதான் ஸ்டாக்கிங் வேகம். ஆய்வு நடந்த பரப்பு முழுக்கவும் இது கிடைக்கும். ஆனால் படத்தைத் தெளிவாக்க எடுத்த வேகம் இது; ஆழம் கணிக்க எடுத்ததல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிடுவதுதான் நடைமுறையில் நடக்கும் முதல் தவறு.

அடுக்குகள் ஏறக்குறையக் கிடையாக இருந்தால், ஸ்டாக்கிங் வேகம் ஆர்.எம்.எஸ். வேகத்துக்கு, அதாவது வர்க்கச் சராசரியின் மூலத்துக்கு, நெருங்கி வரும். வேகமான அடுக்குகளுக்கு அதில் கூடுதல் எடை. அதனால் அது சராசரி வேகத்தைவிட எப்போதும் அதிகம். மேலே போட்ட உதாரணத்தில் ஆர்.எம்.எஸ். வேகம் 2,307. அதையே சராசரி என்று எடுத்துக் கணக்குப் போட்டால் ஆழம் 2,999 மீட்டர். உண்மையைவிட கிட்டத்தட்ட 100 மீட்டர் கூடுதல்.

ஆர்.எம்.எஸ். வேகத்திலிருந்து அடுக்கு வேகத்தைப் பிரித்தெடுக்கும் வழியை சி. ஹெவிட் டிக்ஸ் 1955-ல் வெளியிட்டார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. படிகள் இவை:

1. கீழ் எல்லையின் ஆர்.எம்.எஸ். வேகத்தை வர்க்கமாக்கி, அதன் நேரத்தால் பெருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 138.4 லட்சம்.
2. மேல் எல்லைக்கும் அப்படியே. 1,921-ன் வர்க்கத்தை 1.8-ஆல் பெருக்கினால் 66.4 லட்சம்.
3. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 72 லட்சம். இடைப்பட்ட 0.8 விநாடியால் வகுத்தால் 90 லட்சம்.
4. வர்க்கமூலம் எடுத்தால் 3,000. மூன்றாவது அடுக்கின் வேகம் சரியாகத் திரும்பி வந்துவிட்டது.

பார்க்க அழகான வழி. ஆனால் கழித்தல் வரும் எந்தக் கணக்கிலும் பிழை பெருகும். கீழ் எல்லையின் ஆர்.எம்.எஸ். வேகத்தை 2 சதவீதம் கூடுதலாக எடுத்துவிட்டோம் என்று வையுங்கள். அடுக்கு வேகம் 3,114 ஆகிறது, ஏறக்குறைய 4 சதவீதப் பிழை. அதே அடுக்கு 0.8 விநாடிக்குப் பதில் 0.2 விநாடி மட்டுமே தடிமனாக இருந்திருந்தால்? அதே 2 சதவீதத் தவறு, அடுக்கு வேகத்தை 3,272-க்குக் கொண்டுபோகும். பிழை 9 சதவீதம். மெல்லிய அடுக்குகளுக்கு டிக்ஸ் வழியில் வேகம் எடுத்து, அதைத் தசமம்வரை அறிக்கையில் எழுதுவது பொறுப்பான வேலை அல்ல.

இரண்டாவது ஆதாரம் கிணறு. கிணற்றுக்குள் குறிப்பிட்ட ஆழத்தில் ஜியோபோனை நிறுத்தி, மேலே அலையை உண்டாக்கி, அது வந்து சேரும் நேரத்தை அளப்பது செக்‌ஷாட். ஆழமும் தெரியும், நேரமும் தெரியும். இதற்கு மேல் நம்பகமான அளவீடு இல்லை. இதையே நெருக்கமான இடைவெளிகளில், திரும்பி வரும் அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்தால் வி.எஸ்.பி. (செங்குத்து அதிர்வலைப் பதிவு) எனப்படும். கிணற்றுக்குள் கருவியை இறக்கிச் சுவர்ப் பாறையின் ஒலி வேகத்தை அளக்கும் சோனிக் லாக் இன்னும் நுணுக்கமாக, அரை அடிக்கு ஓர் அளவு என்று தரும். ஆனால் அது வேலை செய்யும் அதிர்வெண் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ். மேலே நடக்கும் ஆய்வின் அலைகளோ பத்துகளில்தான். அதிர்வெண் கூடினால் பாறையில் வேகமும் சற்றுக் கூடும். அதனால் சோனிக் லாக்கை செக்‌ஷாட்டோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே பயன்படுத்துகிறார்கள்.

கிணறு சொல்வது உண்மை. ஆனால் அது ஓர் இடத்தின் உண்மை மட்டுமே. அடுத்த கிணறு 15 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நடுவில் உள்ள வேகத்தை ஸ்டாக்கிங் வேகத்தின் போக்கை வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

## எண் மட்டுமா? வடிவமே மாறும்

ஆழம் 100 மீட்டர் கூடிக் குறைவதைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. வேகம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் தவறினால், வரைபடம் மொத்தமாக மேலே போகும் அல்லது கீழே போகும். முதல் கிணறு அதைச் சரிசெய்துவிடும். பக்கவாட்டில் வேகம் மாறுவதைக் கவனிக்கவில்லை என்றால், இல்லாத மேடும் பள்ளமும் முளைக்கும். இருப்பவை காணாமல் போகும். மூன்று நிலைமைகளைப் பாருங்கள்.

சரியும் கடலடி. கடல் மட்டத்துக்குக் கீழே 3,000 மீட்டரில் முற்றிலும் தட்டையான ஒரு பாறை. கரைப்பக்கம் நீர் ஆழம் 500 மீட்டர், வெளிப்பக்கம் 1,500. வண்டலின் வேகம் 2,200. கரைப்பக்கம் இருவழி நேரம் 2.94 விநாடி வரும், வெளிப்பக்கம் 3.36. வேகமான வண்டல் இருந்த இடத்தில் மெதுவான நீர் வந்ததால், தட்டையான பாறை படத்தில் 0.42 விநாடி சரிந்து தெரிகிறது. மன்னார் படுகை போல நீர் சட்டென்று ஆழமாகும் பகுதிகளில், விநாடிப் படத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2011-ல் கெய்ர்ன் நிறுவனம் இலங்கைப் பகுதியில் தோண்டிய பாராகுடா கிணற்றில், எரிவாயு இருந்த மணற்பாறைகள் தடித்த பசால்ட் அடுக்குகளுக்கு இடையே கிடைத்தன. வேகமான பசால்ட், மெதுவான மணற்பாறை, மறுபடி பசால்ட் என்று மாறி மாறி வரும் இடத்தில், ஆழத்தோடு சீராக ஏறும் நேர்கோடு எடுபடாது.

உப்பு. 1,000 மீட்டர் தடிமனான உப்புக் குவியல், அதன் பக்கத்தில் 2,500 வேகம் உள்ள வண்டல். உப்பைக் கடந்து திரும்ப 0.44 விநாடி. அதே தடிமன் வண்டலுக்கு 0.8 விநாடி. உப்புக்குக் கீழே உள்ள தட்டையான அடுக்கின் எதிரொலி 0.36 விநாடி முந்தி வந்துவிடும். வண்டல் வேகத்திலேயே ஆழமாக்கினால் 440 மீட்டர் உயரத்துக்கு ஒரு பொய் மேடு. தெளிந்த கோயில் குளத்தில் தண்ணீருக்குள் இருக்கும் படி, உண்மையில் இருப்பதைவிட மேலே தூக்கித் தெரிகிறதே, அதே கதைதான். இந்தத் தோற்ற மேட்டை எண்ணெய் தேங்கிய மேடு என்று நம்பித் தோண்டினால் வெறும் கிணறுதான் மிஞ்சும்.

வாயு. பாறைத் துளைகளில் சிறிதளவு வாயு புகுந்தாலே அழுத்த அலையின் (ஒலியைப் போல அழுத்தித் தளர்த்திப் போகும் அலையின்) வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். 300 மீட்டர் தடிமனில் வேகம் 2,400-லிருந்து 1,800 ஆனால் 83 மில்லிவிநாடி தாமதம். கீழே 100 மீட்டர் பொய்ப் பள்ளம்.

இதற்கு நல்ல உதாரணம், வட கடலில் நோர்வேப் பகுதியில் உள்ள வால்ஹால் எண்ணெய் வயல். 1975-ல் கண்டுபிடித்தார்கள், 1982-ல் உற்பத்தி தொடங்கியது. எண்ணெய் இருப்பது சுமார் 2,400 மீட்டர் ஆழத்தில், வெண்சுண்ணப் பாறையில். அந்த அமைப்பின் உச்சிக்கு மேலே உள்ள அடுக்குகளில் வாயு கசிந்து பரவியிருக்கிறது. முக்கியமாகத் தெரிய வேண்டிய உச்சிதான் படத்தில் கலங்கிப்போனது. வாயுவால் அதிகம் பாதிக்கப்படாத குறுக்கலைகளை (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துப் போகும் அலைகளை) பதிவு செய்யக் கடலடியில் உணரிகளை வைத்தார்கள். 2003-ல் அவற்றை நிரந்தரமாகவே பதித்தார்கள். பிறகு முழு அலைவடிவத்தையும் கணினியில் மறுபடி உருவாக்கி, பதிவோடு ஒத்துப்போகும்வரை வேக மாதிரியைத் திருத்தும் முறையை அந்தத் தரவில் செய்தார்கள். 2010-ஐ ஒட்டி வெளியான அந்த முடிவுகளில், வாயு பரவிய பகுதியின் வடிவமும், கடலடிக்குச் சற்றுக் கீழே புதைந்த பழைய ஆற்றுக் கால்களும் வேக வரைபடத்திலேயே பளிச்சென்று தெரிந்தன. வேக மாதிரி என்பது வெறும் மாற்று விகிதம் என்ற நிலை போய், அதுவே நிலத்தடியின் படமாக மாறியது அங்கேதான் பலருக்கும் புரிந்தது.

## நீட்டினால் மட்டும் போதாது

விநாடிப் படத்தை ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாக நீட்டி ஆழப் படமாக்கலாம். வேகம் பக்கவாட்டில் மெல்ல மாறும் இடங்களில் இது போதும். ஆனால் உப்பின் சரிந்த பக்கத்தில் அலை வளைந்து போகிறது. எதிரொலி உண்மையில் வந்த இடம் வேறு, படத்தில் தெரியும் இடம் வேறு. எவ்வளவு நீட்டினாலும் அது பக்கவாட்டில் நகராது. அப்போது மூலப் பதிவுகளையே எடுத்து, வேக மாதிரி வழியாக அலையின் பாதையைப் பின்தொடர்ந்து, ஒவ்வோர் எதிரொலியையும் உரிய இடத்தில் வைக்க வேண்டும். டெப்த் மைக்ரேஷன் என்கிறார்கள். அதில் மாதிரி தவறாக இருந்தால் படமே மங்கும். அதனால் திருத்து, மறுபடி ஓட்டு, பார், மறுபடி திருத்து என்று பல சுற்று போகும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஷேல் பாறையில் அலை கிடையாகப் போகும்போது வேகம் அதிகம், செங்குத்தாகப் போகும்போது குறைவு. ஸ்டாக்கிங் வேகத்தில் சாய்வாகப் போன அலைகள் கலந்திருக்கின்றன. ஆழத்துக்கு வேண்டியதோ செங்குத்து வேகம். லியோன் தாம்சன் 1986-ல் இந்த வேறுபாட்டைச் சில எளிய எண்களால் குறிக்கும் முறையைத் தந்தார். அவற்றில் டெல்டா என்ற எண் 0.1 இருந்தாலே ஆழம் 9 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்துவிடும். ஷேல் நிறைந்த படுகைகளில் கணித்ததைவிட மேலேயே பாறை தட்டுப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

## தோண்டும்போது என்ன ஆகிறது

எண்ணெய் தங்கியிருப்பதாகச் சொல்லப்படும் மேடு எத்தனை மீட்டர் உயரம் என்று முதலில் கேட்க வேண்டும். 200 மீட்டர் என்றால் வேகப் பிழை அதை அழித்துவிடாது. 20 மீட்டர்தான் என்றால் நிலைமை வேறு. 3,000 மீட்டர் ஆழத்தில், உச்சிக்கும் பக்கத்துக்கும் இடையே சராசரி வேகம் ஒரு சதவீதம் மாறினாலே 30 மீட்டர். மேடு என்பதே வேகத்தின் மாயமாக இருக்கலாம்.

கிணறுகள் இதைக் காட்டிக்கொடுக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. கிணறுகளை உச்சியில்தான் தோண்டுகிறார்கள். அதனால் வேகம் நன்றாகத் தெரிவது உச்சியில் மட்டுமே. சுற்றுப்புறச் சரிவுகளில் அளவீடு இருக்காது. கிணற்று ஆழத்தோடு வரைபடத்தைப் பொருத்த, கிணற்றைச் சுற்றி மட்டும் இழுத்துச் சரிசெய்வதும் உண்டு. வரைபடத்தில் ஒவ்வொரு கிணற்றைச் சுற்றியும் வட்ட வட்டமாகக் கோடுகள் வந்தால், அது நிலத்தடியின் வடிவம் அல்ல. வேக மாதிரி சரியில்லை என்பதன் அடையாளம்.

வேகத்துக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது, உயிர் சம்பந்தப்பட்டது. வேகமாகப் படிந்த களிப்பாறையில் நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபட்டுவிடும். பாறை இறுகாது, வேகமும் ஏறாது. ஆனால் உள்ளே நீரின் அழுத்தம் மிக அதிகமாக இருக்கும். தோண்டும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுக் கரைசலின் எடையை இந்த அழுத்தத்துக்கு ஏற்ப முடிவு செய்கிறார்கள். எடை போதாவிட்டால் வாயுவும் நீரும் பீறிட்டு மேலே வரும். வழக்கத்துக்கு மாறாக வேகம் குறையும் ஆழத்தை முன்கூட்டியே சொல்ல வேண்டியது இந்த வேக மாதிரிதான். மொத்த ஆழம் சரியாக வந்துவிட்டது என்பதற்காக உள்ளிருக்கும் அடுக்கு வேகங்களைச் சரிபார்க்காமல் விடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

## ஆழம் என்றால் எங்கிருந்து?

செய்திகளில் பெரும் குழப்பம் இங்கேதான். தோண்டுபவர்கள் அளப்பது, தோண்டு மேடையின் தளத்திலிருந்து குழாய் போன நீளம். கடலில் அந்தத் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருபது, முப்பது மீட்டர் உயரத்தில் இருக்கும். கடல் ஆய்வுக்காரர்கள் கணிப்பது கடல் மட்டத்திலிருந்து. நில ஆய்வில் இதற்கென்று ஒரு கற்பனைத் தளத்தை வைத்துக்கொள்வார்கள். அப்புறம், கிணறு சாய்வாகப் போயிருந்தால் குழாயின் நீளமும் செங்குத்து ஆழமும் நூற்றுக்கணக்கான மீட்டர் வேறுபடும். 'எதிர்பார்த்ததைவிட 50 மீட்டர் கீழே கிடைத்தது' என்று ஒரு வரி வந்தால், இரண்டு எண்ணும் ஒரே தளத்திலிருந்து செங்குத்தாக அளந்தவையா என்று பார்த்த பிறகுதான் வேக மாதிரியைக் குறை சொல்ல முடியும்.